அரைப்படி நெல்லும் மாஸ்கோவின் சதியும்

உழைப்பவன் கூலி உயர்த்திக் கேட்டால், "இது இவன் கேட்பதன்று, எவனோ கேட்கச் சொல்லியிருக்கிறான்" என்பது காவிரிக் கடைமடையில் மிராசுகளின் பழைய பேச்சு. அந்தப் பேச்சுக்கும் உலகளாவிய ஒரு வரலாறு உண்டு என்பதை இன்று மேலை நாட்டு அறிஞர்கள் பல பல்கலைக்கழகங்களிலிருந்து ஒன்றுகூடி ஆராய்கின்றனர். அவர்கள் ஆராய்வது பொதுவுடைமையை அன்று. அதனைக் குறித்த அச்சத்தை. லுக் வான் டொங்கன், ஸ்தெஃபானி ரூலேன், கைல்ஸ் ஸ்காட்-ஸ்மித் ஆகிய மூவர் தொகுத்து 2014இல் வெளியிட்ட நூல் அத்தகைய கூட்டுழைப்பின் விளைவே. 1924இல் ஜெனீவாவில் தியோடோர் ஒபேர் நிறுவிய பன்னாட்டு அமைப்பொன்று உலகெங்கும் மாஸ்கோவின் கையைத் தேடித் தேடி ஆவணம் திரட்டியது. சமயத்தையும் துணைக்கழைக்க அது 'புரோ தேயோ' என்றொரு குழுவைக் கண்டது. 'கடவுளுக்காக' என்பது அதன் பொருள்!

ஐரோப்பியரின் பழங்கணக்கு நமக்கெதற்கு என்று நம்முள் கற்றோர் சிலர் கேட்பர். கீழவெண்மணி இருப்பது நம் நாகை மாவட்டத்தில்தான் என்பதே என் விடை.

1968 டிசம்பர் 25. நாம் குடிலின் முன் மண்டியிட்ட அதே இரவில், இராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்ட நிலவுடைமையாளரோ செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். நெல்லைவிடக் கொடியே அவர்கள் கண்ணை உறுத்தியது. 1970இல் நாகை நீதிமன்றம் சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பர் என நம்புவது கடினம் என்றும் அத்தீர்ப்புக் கூறியது. சேற்றில் நிற்பவன் தானாகச் சிந்திக்கமாட்டான், காரில் செல்பவன் தானாகத் தீ வைக்கமாட்டான். இரண்டும் ஒரே நாற்றங்காலில் விளைந்த நம்பிக்கைகள்.

வெளியார் தூண்டினர் என்றார்கள். ஆம், 1940களில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகத் தஞ்சை மண்ணில் உழவரைத் திரட்டிய பி. சீனிவாசராவ் பிறப்பால் கன்னடர். அதனால் என்ன? 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். அவர் வழி திருமுழுக்குப் பெற்ற மறவரின் விசுவாசத்தை எவரேனும் அந்நியச் சதி என்றால் நாம் கொதிக்கிறோம். அயல்நாட்டுப் பணத்தின் சதி என்ற பழி இன்றும் நம் பள்ளிகள்மீதும் ஆலயங்கள்மீதும் விழுகிறது. அப்பழியின் வலி அறிந்த நாமே கூலிக்காரனுக்கு அதைச் சூட்டலாமோ?

கீழை ஐரோப்பாவில் ஆயர்களைச் சிறையிட்ட கொடுமையை நான் மறைக்கவில்லை. கர்தினால் மிண்ட்ஸென்டி 1949இல் ஆயுள் தண்டனை பெற்றார். கொள்கையை மறுப்பது வேறு, பசியைச் சதி என்பது வேறு. பொதுவுடைமையை வன்மையாகக் கண்டித்த திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் 1937ஆம் ஆண்டுச் சுற்றுமடலே, நீதிப்படி உரிய கூலியை உழைப்பாளிக்குப் பிச்சையாக நீட்டலாகாது என்றும் சொல்கிறது. கண்டனத்தை மனப்பாடம் செய்துவிட்டு இப்பகுதியைப் புரட்டாமல் விட்டோர் நம்மில் பலர்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஜெனீவாவின் காகிதங்களை அறிஞர்கள் அலசட்டும். 1952இல் உருவான நம் தஞ்சை மறைமாவட்டத்தின் அக்காலச் சுற்றறிக்கைகளும் பங்குக் குறிப்பேடுகளும், எங்கெங்கே எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம், கறையான் தின்னுமுன் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட வேண்டும். 1968 டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை. வெண்மணி எரிந்து நான்கு நாள். அன்று நம் பங்குகளின் மறையுரைகளில் அவ்வூரின் பெயர் ஒலித்ததா? தேடலை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.