விரலுக்கேற்ற வீக்கம்

நம் அயல் வீட்டு மாணவன் ஒருவன் சென்ற வாரம் நம்மிடம் வந்தான். அவனுடைய கணினி, அலுவலகம் ஒன்றிற் பாவித்துக் கழித்தது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ5 4570 என்னும் முறைவழி அலகு கொண்டது. அதிலே விளையாட்டுகள் திக்கித் திணறி ஓடுகின்றனவாம். தாயார் சீட்டெடுத்துக் கொடுத்த முப்பதாயிரம் ரூபா அவன் கையில் இருந்தது. "மாமா, பாவித்த ஆர்.எக்ஸ் 580 வரைவியல் அட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

இது அவன் ஒருவனுடைய கேள்வியன்று. பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றிலும் எழும் கேள்வி. ஆதலின் நாம் அவனுக்குச் சொன்னவற்றை நேயர்களுக்கும் சொல்கின்றோம்.

முதலில் குறை எங்கே உள்ளதென்று அறிதல் வேண்டும். விளையாட்டின் திரைத் தெளிவைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் விரைவுபட்டால் குறை வரைவியற் பகுதியிலே; விரைவுபடாவிடில் பெரும்பாலும் முறைவழி அலகிலே. ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. அவனது கணினியில் ஓட்டம் விரைவுபட்டது. ஆகவே, வரைவியல் அட்டை வேண்டுமென்று அவன் எண்ணியது சரியே. தேர்ந்தெடுத்த அட்டைதான் சரியன்று.

பெட்டியைத் திறந்து மின்வழங்கியைப் பார்த்தோம். 240 வாற்று என்று அதன்மேல் எழுதியிருந்தது. ஆர்.எக்ஸ் 580 அட்டைக்கு 185 வாற்று வேண்டும். முறைவழி அலகுக்கு 84. இரண்டும் 269. வன்தட்டையும் விசிறியையும் சேர்க்குமுன்னரே கணக்கு மிஞ்சிவிட்டது!

"பெரிய மின்வழங்கி மலிவாகக் கிடைக்கிறதே, மாமா" என்றான். அலுவலகக் கணினிகள் பலவற்றிலே சாதாரண மின்வழங்கி பொருந்துவதில்லை. அன்றியும், மலிவின் பலனை நாமே அனுபவித்திருக்கின்றோம். 500 வாற்று என்று ஒட்டியிருந்த, பெயர் அறியாத மின்வழங்கி ஒன்றை வாங்கி மாட்டினோம். மூன்றாம் மாதம் அது புகைந்தது. வன்தட்டையும் தன்னோடு கொண்டுபோயிற்று. எம் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் யாவும் அதிலேதான் இருந்தன. வேறு பிரதி வைக்காதது நம் பிழை.

பின் என்ன செய்வது? 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ் 1050 ரி.ஐ. என்னும் அட்டைக்கு 75 வாற்றே போதும். தாய்ப்பலகையின் துவாரமே அவ்வளவு மின்னைத் தரவல்லது. துணை மின்கம்பி கேளாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். 84உம் 75உம் 159. எஞ்சியவற்றுக்கும் இடமுண்டு. புத்தம் புதிய விளையாட்டுகளை அது உயர்தரத்தில் ஓட்டாது. ஆயினும் அவன் விரும்பும் பழைய விளையாட்டுகளுக்குப் போதியது.

பாவித்த அட்டை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஈதேரியம் நாணயத்தை அட்டைகளாற் தோண்டும் முறை நின்றது. அதற்கென இரவு பகலாக உழைத்த அட்டைகள் பல பின்னர் சந்தைக்கு வந்தன. எனவே விற்பவர் முன்னிலையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, திரையிற் கோடு விழாவிடில் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.

மிகுந்த பணத்துக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கும்படி சொன்னோம். அது விளையாட்டின் ஓட்டத்தை அதிகம் உயர்த்தாது. ஆனால் கணினி விழித்தெழும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். அதே கணினியிற் பாடம் படிக்கும் தங்கைக்கும் பயன் வேண்டுமன்றோ?

பையன் சற்று முகஞ்சுளித்தான். பெரிய அட்டை மீது ஆசை இலகுவில் விடுமா? அப்பொழுது நாம் ஒன்று கேட்டோம்: "தம்பி, அம்மா அந்தச் சீட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும்?"

"பதினான்கு" என்றான்.

அவர் கட்டி முடிக்கும் வரையேனும் அந்தக் கணினி ஓட வேண்டாமா?