மரூஉவும் கட்டளைக் குறுக்கமும்

கோயம்புத்தூரைக் ‘கோவை’ என்றும், தஞ்சாவூரைத் ‘தஞ்சை’ என்றும் வழங்குதலை மரூஉ என்பர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று தமக்குள் வழங்குதலைக் குழூஉக்குறி என்பர். முன்னது முழுப்பெயரை நினைவூட்டும் குறுக்கம்; பின்னது பொருளை மறைத்து நிற்கும் குறி. இவ்வேறுபாட்டைக் கணினி பயிலும் நம் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினிகளில் ஒரே செயலுக்குப் பல பெயர்கள் உண்டு. கோப்பை அழிக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் சி.எம்.எஸ். அமைப்பில் ‘எரேஸ்’ என்றும், டி.எஸ்.ஓ. அமைப்பில் ‘டெலீட்’ என்றும், யூனிக்ஸில் ‘ஆர்எம்’ என்றும் கட்டளையிட வேண்டும். ஒரே நாளில் இம்மூன்றிலும் பணி செய்பவர், எங்கும் ஒன்றாக இருக்கும் சொந்தக் குறுக்கங்களை நாடுவது இயல்பே. அதற்கு வழியும் உண்டு. சி.எம்.எஸ்.ஸில் ‘சினொனிம்’ கட்டளையும், யூனிக்ஸில் ‘அலயாஸ்’ கட்டளையும் மாற்றுப் பெயர் இட உதவுகின்றன. 1979-இல் மைக் கவ்லிஷா உருவாக்கத் தொடங்கிய ரெக்ஸ் மொழி, பின்னர் சி.எம்.எஸ்., டி.எஸ்.ஓ. இரண்டிலும் இடம்பெற்றது. ஆதலால் ஒரே பெயரில் இரண்டிடத்தும் சிறு நிரல் எழுதி வைக்கலாம்.

ஒவ்வோர் அமைப்பின் கட்டளையையும் உள்ளவாறே கற்பதே முறை, சொந்தக் குறுக்கம் சோம்பலின் அடையாளம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எங்கும் ஒரே பொருள் தரும் குறி, சிந்தனையைச் செய்யும் பணியின்பால் நிறுத்துகிறது. ஆயின், குறுக்கம் மரூஉப் போல் இருத்தல் வேண்டும். மூலக் கட்டளையின் பெயரையே கவர்ந்துகொண்டு அதன் பொருளை மறைத்தல் ஆகாது.

சான்று ஒன்று கூறுவோம். யூனிக்ஸில் ‘ஆர்எம்’ கட்டளை பொதுவாக வினவாமலே அழித்துவிடும். அஞ்சிய பலர், அதே பெயரை ‘வினவி அழி’ என்னும் பொருள்பட மாற்றி வைத்துக்கொள்கின்றனர். கணினி ஒவ்வொரு முறையும் வினவும் என்ற நம்பிக்கை அவர்தம் விரல்களில் ஊறிவிடுகிறது. அம்மாற்றம் செய்யப்படாத வேறொரு கணினியில் அமர்ந்து அதே கட்டளையை இடும்போது வினா எழுவதில்லை; கோப்புகளே மறைகின்றன. அவை பிறருடைய கணக்கேடுகளாயின் இழப்பும் பிறருடையதே.

இதற்கு மாறாக, எங்கும் வழங்காத புதுப்பெயர் ஒன்றை இட்டிருந்தால், அதனை அறியாத கணினி ‘இக்கட்டளை இல்லை’ என்று மறுத்திருக்கும், கோப்பும் பிழைத்திருக்கும்.

எனவே மாணவர்க்கு நாம் வேண்டுவன மூன்று. குறுக்கத்திற்குப் புதுப்பெயர் இடுக. அப்பெயர் எவ்விடத்தும் ஒரே பொருள் தருமாறு காக்க. அது குறிக்கும் மூலக் கட்டளையைப் பிறரும் அறியுமாறு எழுதி வைக்க. ‘கோவை’ என்று கூறுபவர் கோயம்புத்தூரை மறந்தவர் அல்லர்.