வட்டம் வெட்ட ஆண்பிள்ளைதான் வேண்டுமா?

20 வருடமாக வீட்டிலேயே ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுப்பவள் நான். என் மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சி.என்.சி. மிஷின் உள்ள ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "ஏனுங்க்கா, பொட்டப்புள்ளைய லேத்துப் பட்டறைக்கா அனுப்பறீங்க?" என்று கேட்காத சொந்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அரை மனதுதான்.

பட்டறையிலும் அதே கதை. புரோகிராம் எழுதும் பக்கம் அவளை விடவில்லை. "பொண்ணுங்க அளவு பாத்தா போதும்" என்று வெர்னியரைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு பையன் முழு வட்டம் வெட்ட, ஆரத்தை மட்டும் 'ஆர்' என்று போட்டு எழுதியிருக்கிறான். அந்த வரி வந்ததும் கட்டர் நகரவே இல்லையாம். என் மகள் எட்டிப் பார்த்து, "தொடங்கற இடமும் முடியற இடமும் ஒண்ணுதானுங்கண்ணா. ஆர் மட்டும் போட்டா எந்த வட்டம்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்? மையம் எங்கேன்னு சொல்லுங்க" என்றிருக்கிறாள். கட்டர் மையத்துக்கு வலப்புறம் 25 மி.மீ. தள்ளி நின்றது. 'ஜி02 ஐ மைனஸ் 25' என்று மாற்றியதும் வட்டம் சுற்றி வந்துவிட்டது. ஜி02 கடிகார முள் திசை, ஜி03 அதற்கு எதிர்த்திசை. 'ஐ' என்பது நிற்கும் இடத்திலிருந்து மையம் எக்ஸ் திசையில் எத்தனை தூரம் என்பது.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடைப் பாவாடைக்குத் துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துத்தானே கோடு போடுகிறோம்? இடுப்பு 24 அங்குலமென்றால் 6.28ஆல் வகுத்து சுமார் 3.8 அங்குலம், தையலுக்காக அதற்கும் உள்ளே தள்ளி வெட்டுவோம். அவர்களும் கட்டர் தடிமனுக்கு இடம் விடுகிறார்கள். 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டை 10 மி.மீ. கட்டரால் வெளியே சுற்றி வெட்ட, கட்டரின் நடு 60 மி.மீ. வட்டத்தில் போக வேண்டுமாம். மறந்தால் துண்டு 40 மி.மீ.தான், இரும்பு வீண்!

இதில் ஆண்பிள்ளை பலம் எங்கே வருகிறது சொல்லுங்கள், தோழியரே? கனமான இரும்பைத் தூக்கக் கிரேன் இருக்கிறது. எழுதுவதற்கு வேண்டியது கணக்கும் கவனமும். பட்டறை முதலாளிகள் ஒரு வரைபடத்தைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கட்டுமே! அம்மாக்களும், 'கை அழுக்காகும், கல்யாணச் சந்தையில் விலை போகாது' என்று நாமே கதவைச் சாத்த வேண்டாம்.

இப்போது வாரத்தில் 2 நாள் அவளைப் புரோகிராம் எழுத விடுகிறார்கள். மீதி 4 நாள் வெர்னியர்தான். அந்த 4 நாளையும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை.

- ஒரு வாசகி, கோவை.