அரசன் பெயர் என்ன?

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. சங்கீதக் கல்வெட்டு! ராகங்களுக்கு உரிய சுரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்து கிரந்தம். காலம் ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது.

எதற்காக வெட்டினார்கள்? அதையும் கல்வெட்டே சொல்லுகிறது. ருத்திராசாரியாரிடம் பாடம் கேட்ட ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தானாம்.

அந்த அரசன் யார்? பெயர் இல்லை!

மகேந்திரவர்ம பல்லவன் என்று சிலர் எழுதினார்கள். கேட்டவர்களும் நம்பிவிட்டார்கள். "கல்லில் பெயர் இல்லாதபோது எப்படிச் சொல்லலாம்?" என்று மறுத்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

இப்படி மடக்கிக் கேட்பதற்குத்தான் நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

ஒரே கட்டுரை

பள்ளியில் கட்டுரை நோட்டு என்று ஒன்று இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். நாற்பது பிள்ளைகளும் பார்த்து எழுதுகிறார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே மழைநீர் சேமிப்பு! இப்போது அந்தச் சிரமமும் இல்லை. கைப்பேசியிடம் கேட்டால் கட்டுரை கொட்டுகிறது. அதில் எது உண்மை, எது பொய்? கண்டுபிடிக்க யார் சொல்லித் தந்தார்கள்?

ஒன்பதாம் வகுப்பில் பொதுத் தேர்வு கிடையாது. அந்த வகுப்பிலே வாரம் ஒரு மணி, "தேடி எழுதும் பாடம்" என்று வைத்தால் என்ன?

மூன்று தாத்தா

புதுக்கோட்டை மாவட்டம் பெரும்பாலும் கண்மாயை நம்பிய பூமி. "எங்கள் ஊர்க் கண்மாய் கடைசியாக எப்போது மறுகால் போயிற்று?" ஒரு பெண் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். மூன்று தாத்தாக்களைக் கேட்டால் மூன்று வருஷம் சொல்லுவார்கள். ஒருவர், "என் மூத்த மகன் பிறந்த வருஷம்" என்பார். மகன் பிறந்தது எப்போது? பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அடுத்தவர், "பெரிய புயல் அடித்ததே, அப்போது" என்பார். எந்தப் புயல்? பழைய பத்திரிகையைப் புரட்ட வேண்டும். பொதுப்பணித் துறையில் ஏதாவது ஏடு இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னார், எது ஏட்டில் கண்டது என்று பிரித்து எழுத வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், "கிடைக்கவில்லை" என்று எழுதலாம். அதற்கும் மார்க் உண்டு!

இது புதுமையும் அல்ல. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பள்ளியில் ஆர்வமுள்ள நாலைந்து பேருக்குத்தான் அந்த யோகம். மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி.

வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பணக்காரப் பள்ளிகள் சில நம் நாட்டில் இருக்கின்றன. சர்வதேச பாக்கலரேட் என்னும் படிப்பில் மேல்நிலை மாணவன் தானே ஆராய்ந்து, 4,000 சொல்லுக்குள் கட்டுரை எழுதியாக வேண்டும். கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி. அரசாங்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கரும்பலகையா?

ஊரிலே உண்டு

வசதி இல்லை என்று புதுக்கோட்டைக்காரர் சொல்ல முடியாது. சமஸ்தானமாக இருந்த காலத்திலே, 1910-ல் மியூசியம் வந்துவிட்டது. 1929-ல் கல்வெட்டுகளைத் திரட்டிப் புத்தகமாக அச்சிட்டார்கள். மியூசியம் உள்ள திருக்கோகர்ணத்திலேயே ஞானாலயா நூலகமும் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதிகள் சொந்தக் காசில் சேர்த்த நூல்கள். பழைய முதற்பதிப்புகள் ஏராளம்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இதே மாவட்டத்துப் பெண்கள், பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு வந்து எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளை, பார்த்து எழுதுவதோடு நிறுத்திவிடலாமா?

"ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். நாற்பது கட்டுரையை யார் திருத்துவது?" இது நியாயமான கேள்விதான். ஆண்டுக்கு ஒரு கட்டுரை போதும். இரண்டு பக்கம் போதும். முதலில் பிள்ளைகளே ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் எழுதட்டும். ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும்.

மீதிக்கு அந்த மூன்று தாத்தாக்களையும் பள்ளிக்கு அழைத்து, கண்மாய்க் கட்டுரையை வாசித்துக் காட்டலாம். பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்!