கேக்கை வெட்டுபவரும் உண்ண வேண்டும்

பிறந்தநாளோ, மணநாளோ, சிகிச்சை நிறைவுற்ற நாளோ, எதுவாயினும் கேக் இல்லாத கொண்டாட்டம் இன்று அரிதாகிவிட்டது. கேக் வடிவமைப்பாளரை நாடும் குடும்பத்தினர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதைப் போலவே வேண்டும் என்கின்றனர். முதலில் பேச வேண்டியது வடிவத்தைப் பற்றியன்று, உண்ணப்போகிறவரைப் பற்றியே என்பது என் கருத்து. நோயுற்றவர் கத்தியைப் பிடித்துப் படத்திற்கு நிற்க, மற்றவர் மட்டும் உண்டு மகிழும் கேக் அவருக்கான விருந்தாகாது.

விலக்க வேண்டியவை உடல்நிலைக்கேற்ப மாறும். சிறுநீரக நோயாளர் பலருக்குப் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுந்த கொக்கோ, முந்திரி, பாதாம், உலர்பழங்கள் ஆகியவை அளவோடு இருக்க வேண்டும். சிலருக்கு அறவே ஆகா. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்குப் பச்சை முட்டை வெண்கருவால் செய்த ஐசிங்கும், கேக்கின்மேல் சூட்டும் புதுமலர்களும் கிருமித்தொற்றுக்கு வழிகோலலாம். சர்க்கரை சேர்க்காத கேக் நீரிழிவு உள்ளவர்க்குத் தீங்கற்றது என்பதும் பிழையான எண்ணமே. அதிலுள்ள மைதாவும் உடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. கோதுமை ஆகாதவர்க்கு மாவை மாற்றினால் மட்டும் போதாது. பாத்திரமும் கலவைக் கருவியும் தூயனவாக இருத்தல் வேண்டும்.

ஆகவே, நாள் குறித்தவுடன் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டு, ஆகும் பொருள்கள், ஆகாத பொருள்கள், உண்ணத்தக்க அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெறுங்கள். அத்தாளையே வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். நோயைப் பிறரிடம் சொல்லக் கூசுவோர் உண்டு, அக்கூச்சம் இயல்பானதே. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, பொருள்களின் பெயரைச் சொன்னால் போதும். அவர் சேர்க்கவிருக்கும் அனைத்தையும், நிறமிகளையும் மினுக்குத் தூளையும் உட்பட, எழுதித் தரக் கேளுங்கள். நச்சற்றது என்று மட்டும் அச்சிட்ட மினுக்குத் தூள் உண்ணத்தக்கது என்று பொருளன்று. வீட்டிலிருந்து செய்து தருபவராயினும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் உண்டா எனக் கேட்பதில் தவறில்லை.

இவ்வாறு செய்தால் கேக்கின் அழகு குறைந்துவிடுமே எனச் சிலர் தயங்கலாம். அழகுக்கு வழியுண்டு. பெரிய அடுக்குகளைத் தெர்மக்கோலில் அமைத்து அலங்கரித்து, ஓரடுக்கை மட்டும் உண்ணும் கேக்காகச் செய்து தருவது வடிவமைப்பாளர் பலர் அறிந்த முறையே. நோயாளிக்கெனச் சிறு கேக்கைத் தனியே வாங்குவதைவிட, அவருக்கு ஆகும் கேக்கையே அனைவரும் பகிர்ந்துண்பது மேல் என்பேன். தனித்தட்டு, தாம் விலக்கப்பட்டவர் என்ற எண்ணத்தை அவருக்குத் தரக்கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆக்சிஜன் செலுத்தப்படும் அறையில் மெழுகுவத்தியும் மத்தாப்பும் கூடவே கூடா. அங்கே தீ விரைந்து பற்றும். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கே போதும். பாலேட்டால் அலங்கரித்த கேக்கை வெட்டும்வரை குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். 2 மணி நேரத்திற்குமேல் வெளியில் இருந்ததை நோயாளிக்குத் தர வேண்டா.

சிறு துண்டேயாயினும் அச்சமின்றி அவர் உண்பாராயின், அந்நாள் அவருடைய நாளாகும். வடிவமைப்பாளரிடம் முதலிலேயே மனந்திறந்து பேசுவதால் கிட்டும் பயன் அதுவே.