மனு கொடுக்க நமக்குக் கெடு, பதில் சொல்ல அவர்களுக்கு?

தோழர்களே,

நாளை காலை 10 மணிக்கு ஆர்ப்பாட்டம். மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வேன் பேசியாச்சு. நோட்டீஸ் வீடு வீடாகப் போயாச்சு. ராத்திரி 9 மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வருது: "பர்மிஷன் இல்லைங்க, வேற தேதி பாருங்க." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எழுத்தில் கொடுங்க என்றால், "மேலிடத்து உத்தரவு". இது நடக்காத கிளை நம்மிடம் ஒன்றாவது இருக்கிறதா?

சென்னையில் இதற்குக் காட்டப்படுவது 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41-வது பிரிவு. வெள்ளைக்காரன் போட்டது. பொது அமைதிக்குத் தேவை என்று நினைத்தால் கமிஷனர் கூட்டத்தையும் ஊர்வலத்தையும் தடை செய்யலாம். ஆனால் அரசின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தடை 15 நாளைத் தாண்டக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. நடப்பது என்ன? 15 நாள் முடிந்ததும் புதிதாக இன்னொரு உத்தரவு. அது முடிந்ததும் இன்னொன்று. அவசரத்துக்கு வைத்த பூட்டு, வருஷம் முழுக்கத் தொங்குது! மாவட்டங்களில் இதே வேலையை 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30(2) செய்கிறது.

அனுமதி வேண்டுமென்றால் 5 நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சரி, கொடுக்கிறோம். பதிலை மட்டும் ஏன் கடைசி ராத்திரி வரை கையில் வைத்திருக்கிறார்கள்? முந்தின நாளே சொன்னால் நாம் கோர்ட்டுக்குப் போய்விடுவோம், அதுதானே?

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் 41 உயிர்கள் போன பிறகு எந்தக் கட்சிக்காரனும் அப்படிப் பேச முடியாது. எத்தனை பேர் வருவார்கள், தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வழியா போகும் என்று போலீஸ் கேட்டால் நாம் பதில் சொல்லியே ஆகணும். பொதுச் சாலையைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்று 2020-ல் ஷாகீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நமக்குத் தெரியும்.

அதே நீதிமன்றம்தான் 1972-ல், அகமதாபாத்தில் கூட்டத்துக்கு அனுமதி மறுத்த வழக்கில், பொது இடத்தில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மூடிவிட முடியாது என்றது. எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்டிருந்த விதியையும் ரத்து செய்தது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19-வது பிரிவில் இருக்கிறது. அது ஸ்டேஷன் வாசலில் யாரும் போடுகிற பிச்சை இல்லை.

அதனால் கிளைச் செயலாளர்கள் கவனிக்க. வாய்மொழியாக அனுமதி கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். மனுவில் இடம், நேரம், வருபவர் எண்ணிக்கை, பொறுப்பாளரின் செல் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். 5 நாள் என்று காத்திருக்காமல் 10 நாள் முன்பே கொடுங்கள். சீல் போட்ட ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மறுப்பு போனில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு அன்றே இன்னொரு மனு.

இரண்டு மனுக்களின் நகலும் அன்று மாலைக்குள் மாவட்ட வழக்கறிஞர் அணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேரணும், தோழர்களே.