சிவப்புச் சாவி யார் கையில்?

அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று செல்லமாக அழைக்கும் ரகத்தில், 2015-ம் ஆண்டு மாடலாக வந்தது டாட்ஜ் சாலஞ்சர் ஹெல்காட். அதற்கு இரண்டு சாவிகள். கறுப்புச் சாவியோடு ஏறினால் என்ஜின் 500 குதிரை சக்திக்குள் அடங்கி நடக்கும். சிவப்புச் சாவி என்றால் 707!

மோட்டார் பிரியர் எதை எடுப்பார் என்று கேட்கவே வேண்டாம். 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின் உறுமுகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரின் கீச்சுக் குரல் வேறு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னும் சற்று மிதித்தாலோ பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து புகை கக்குகின்றன; 2,000 கிலோ வண்டி பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கிறது. அபாரமான சுகம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால், எதிரே வருகிறவரின் கதி?

இரண்டு சாவி செய்தபோதே, இந்தச் சக்தி எல்லார் கைக்கும் ஏற்றதல்ல என்று கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. லைசென்ஸோ, சாதாரணக் குடும்பக் காருக்கு உள்ள அதே லைசென்ஸ்தான். புதிதாக வாங்கியவருக்குப் பந்தயப் பள்ளியில் ஒரு நாள் பயிற்சியும் இலவசமாகக் கிடைத்தது. போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இருக்கவில்லை! அந்தப் பள்ளிக்குப் போய்வந்த பிறகல்லவா சிவப்புச் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும்?

2023 டிசம்பரில் சாலஞ்சர் உற்பத்தி நின்றது. விற்ற வண்டிகள் சாலையில்தான் இருக்கின்றன. அவை கைமாறும்போது சிவப்புச் சாவியும் சேர்ந்தே கைமாறுகிறது.